இலை உதிராத ஊரில் இலையுதிர்காலம்: பினாங்கில் பூச்சிகளையும் வலசைப் பறவைகளையும் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பினாங்கில் ஆண்டு முழுக்க ஒரே புழுக்கம்தான். அக்டோபரிலும் மரங்கள் பச்சையாகவே நிற்கும். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் உங்கள் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) ஓரத்து மின்கம்பியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஜூன் மாதம் காலியாகக் கிடந்த கம்பியில் சின்னப் பறவைகள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். வடக்கே, சீனத்திலும் மங்கோலியாவிலும் சைபீரியாவிலும், கோடை முடிகிறது என்று நமக்கு வரும் முதல் சேதி அது.

பறவைகள் குளிருக்குப் பயந்து தெற்கே வருவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். இறகு போர்த்திய உடம்பு குளிரை நன்றாகவே தாங்கும். தாங்க முடியாதது பட்டினி. குளிர் இறங்கினால் பூச்சிகள் பறப்பதை நிறுத்திவிடும். முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ மண்ணுக்குள்ளும் மரப்பட்டைக்குள்ளும் ஒடுங்கிவிடும். ஏரி உறையும், சேறு கல்லாக இறுகும். தட்டானையும் வெட்டுக்கிளியையும் நம்பி வாழும் பறவைக்கு அங்கே சாப்பாடு இல்லை. அதே மாதங்களில் பினாங்கில் என்ன நடக்கிறது? செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை இங்கே நல்ல மழை. வயலிலும் பாடாங் என்னும் திறந்த திடலிலும் தண்ணீர் தேங்குகிறது, பூச்சி பெருகுகிறது.

ஆகவே இந்தப் பருவத்தில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் பூச்சியைத் தேட வேண்டும். எந்தப் பூச்சி எங்கே, எந்த நேரத்தில் கூடுகிறது என்று தெரிந்துவிட்டால் பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காட்டுக்குள் மூன்று மணி நேரம் நடந்தும் ஒன்றையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள்.

வரும் பறவைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சில இங்கேயே தங்கி மார்ச், ஏப்ரல்வரை காலம் தள்ளும். அவற்றை நிதானமாகப் பார்க்கலாம். சில சுமத்ரா, ஜாவா பக்கம் போகிற வழியில் நம்மைக் கடந்துவிடும். சில நாள்களோ சில மணி நேரமோதான் கிடைக்கும். கம்பியில் உட்காரும் தகைவிலான்கள் பெரும்பாலும் முதல் வகை. உயரத்தில் வட்டமிட்டு நகரும் தேன்பருந்துக் கூட்டம் இரண்டாம் வகை. முதல் வகைக்கு நாள் பார்க்க வேண்டாம். இரண்டாம் வகைக்கு நாளும் மணியும் வானமும் ஒத்துவர வேண்டும்.

தொலைநோக்கியைச் சரிசெய்வது

தொலைநோக்கியில் 8×42 என்று எழுதியிருந்தால் உருவம் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், முன்பக்க வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தி வெளிச்சத்துக்கும் தாங்கும். சட்டைப்பையில் அடங்கும் 10×25இல் அது இரண்டரைதான். மழைமேகம் கவிந்த மாலையில் படம் இருண்டுபோகும், பத்து மடங்கு என்பதால் கைநடுக்கமும் கூடுதலாகத் தெரியும். தொடக்கத்துக்கு 8×32 அல்லது 8×42 போதும். வாங்கும்போது ஒன்றை மறக்காமல் சோதியுங்கள்: இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தட்டானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்தக் கருவி உதவாது.

முதலில் இரண்டு குழல்களையும் விரித்துச் சுருக்கி, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்குழலில் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை அதற்குப்பின் தொட வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்குழலின் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாவித்துவாரம் வழியே எட்டிப்பார்ப்பதுபோல் இருக்கும்.

கருவியை வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதீர்கள். வெறுங்கண்ணால் கண்டுபிடித்து, பார்வையை அகற்றாமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் முழுக்கக் காக்கையை வைத்தே பழகினாலும் தவறில்லை.

நம் ஊரில் இரண்டு தொல்லைகள் உண்டு. குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக வெளியே எடுத்தால் வில்லை ஆவி படிந்து மங்கிவிடும். கால்மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். இன்னொன்று பூஞ்சை. ஈரத்தோடு பைக்குள் வைத்து மூடினால் சில மாதங்களில் வில்லைக்குள் சிலந்திவலைபோல் படரும். பிறகு அதைத் துடைத்து எடுக்க முடியாது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

கம்பியில் உட்கார்வது எது, உட்காராதது எது

ஜார்ஜ்டவுன் வானத்தில் அந்தி நேரத்தில் பறப்பதையெல்லாம் “குருவி” என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே மூன்று வேறு வாழ்க்கைகள் ஒன்றன்மேல் ஒன்று பறந்துகொண்டிருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

உண்ணும் பறவைக்கூட்டுக்காகக் கட்டிய சன்னலில்லாக் கட்டடங்களைச் சுற்றிப் பறப்பவை உழவாரன் இனம். இறக்கை அரிவாள்போல் வளைந்து விறைப்பாக இருக்கும், மேனி முழுக்கக் கரும்பழுப்பு. அவற்றின் கால் கம்பியைப் பற்றி உட்காரும் அமைப்பில் இல்லை. செங்குத்துச் சுவரில் தொற்றிக்கொள்ளத்தான் முடியும். அதனால் கம்பியில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இவை ஆண்டு முழுதும் இங்கேயே இருப்பவை.

கம்பியில் உட்கார்வது தகைவிலான். அதிலும் இரண்டு. பசிபிக் தகைவிலான் உள்ளூர்வாசி: நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பு, அந்த நிறம் மார்புவரை இறங்கி அழுக்குச் சாம்பல் வயிற்றோடு கலந்துவிடும். வடக்கிலிருந்து வருவதற்குத் தொண்டைக்குக் கீழே இருண்ட பட்டை ஒன்று குறுக்கே ஓடும். அதற்குக் கீழே வயிறு வெள்ளை. பட்டையைப் பாருங்கள், வாலைப் பார்க்காதீர்கள். நீண்ட இரட்டை வால் என்று படத்தில் பார்த்துவிட்டுச் செப்டம்பரில் தேடினால் ஏமாற்றம்தான். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளுக்கு வால்நீட்சி இன்னும் வளர்ந்திருக்காது.

இவை பகலில் வயலிலும் செம்பனைத் தோட்டத்தின் மேலும் இரை பிடித்துவிட்டு, சூரியன் மறையும் ஏழு மணியையொட்டி ஊருக்குள் வந்து கம்பிகளில் இரவு தங்கும். கடைவீதி வெளிச்சமும் இரைச்சலும் அவற்றைத் தொந்தரவு செய்வதாகத் தெரியவில்லை. 6.40க்கே போய் நின்றுவிடுங்கள். முதலில் பத்து இருபது வரும், வானத்தில் சுழலும், உட்காரும், மறுபடி எழும்பும். எண்ண வேண்டுமென்றால் பறக்கும்போது முயலாதீர்கள். அடங்கியபின் இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒரு கம்பியில் எத்தனை என்று எண்ணி, கம்பிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். குடை தேவைப்படும், மழைக்காக மட்டுமல்ல.

ஈசல் எழும் மாலை

சில நாள் வெயிலுக்குப் பிறகு ஒரு பெருமழை. மழை ஓய்ந்து காற்றும் அடங்கி, மண் இன்னும் சூடாக ஆவி விடுகிறது. அந்த மாலை ஈசலுக்கு உரியது. கறையான் புற்றில் இறக்கை முளைத்த ஆணும் பெண்ணும் இதற்காகவே காத்திருக்கும். அக்கம்பக்கத்துப் புற்றுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறந்துவிடும். எல்லாம் சேர்ந்து எழுந்தால்தான் தின்பவர்கள் தின்றது போக மிச்சம் பிழைக்கும், வேறு புற்றின் துணையும் கிடைக்கும்.

தெருவிளக்கடியில் விழுந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், உடம்பைவிட நீளம். இடுப்பு ஒடுங்கியிருக்காது. உணர்கொம்பு கோத்த மணிபோல் நேராக இருக்கும். இடுப்பு ஒடுங்கி, முன்னிறக்கை பெரிதாகவும் பின்னிறக்கை சிறிதாகவும், உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்தும் இருந்தால் அது இறக்கை முளைத்த எறும்பு. ஈசலின் இறக்கை அடியில் ஒரு மெல்லிய வெட்டுக்கோடு உண்டு. தரையில் இறங்கியதும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி அந்தக் கோட்டில் இறக்கையை முறித்துப் போட்டுவிடும். காலையில் வாசலைக் கூட்டும்போது குவிவது அதுதான். பிறகு பெண் முன்னால் ஓட, ஆண் அதன் வாலைத் தொட்டபடி பின்னாலேயே போகும். இந்த இரட்டை ஓட்டத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடாதீர்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஈசல் எழுந்தால் தகைவிலான், உழவாரன், கரிச்சான், மைனா எல்லாம் ஒரே இடத்தில் கூடும். இருட்டியபின் எழுந்தால் வௌவாலும் பல்லியும்தான். எனவே மழை நான்கு ஐந்து மணிக்கு நின்றால் உடனே வெளியே வாருங்கள். ஏழரைக்கு நின்றால் அவசரம் வேண்டாம். விளக்கைச் சுற்றிப் பார்ப்பதைவிட, புல்வெளி ஓரத்தில் குனிந்து மண்ணிலிருந்து புகைபோல் எதுவும் எழுகிறதா என்று பார்ப்பது நல்லது. வீட்டு விளக்கை அணைத்துவிட்டால் உள்ளே புகாது, பாவம் அவையும் தங்கள் வேலையைப் பார்க்கும்.

தட்டானும் பஞ்சுருட்டானும்

“தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். மழைக்குப் பிறகும் அதைக் கவனித்தால் இன்னும் நல்லது. பாடாங்கின் மேல் ஆள் உயரத்துக்கும் மரக்கிளை உயரத்துக்கும் இடையே, உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பொன்மஞ்சள் தட்டான்களின் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். விலங்கியல் பெயர் பாந்தலா பிளாவெசென்ஸ். பின்னிறக்கையின் அடிப்பாகம் மிக அகலம். அதனால் அதிகம் அடித்துக்கொள்ளாமல் காற்றில் மிதந்தே போகும். உட்கார நேர்ந்தால் மற்றத் தட்டான்போல் கிடைமட்டமாக உட்காராது, குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். அடையாளத்துக்கு இதுவே போதும்.

உலகத்தில் மிக நீண்ட பயணம் போகும் பூச்சிகளில் இது ஒன்று. மழை பெய்து தேங்கும் குட்டைகளைத் தேடிக் காற்றோடு நகர்கிறது. முட்டையிலிருந்து பறக்கும் தட்டானாக ஆறு வாரமே போதும் என்பதால், குட்டை வற்றுவதற்குள் அடுத்த தலைமுறை கிளம்பிவிடும். மாலத்தீவில் ஆறு கிடையாது, தரைமேல் நன்னீர் தேங்கும் இடமும் மிக அரிது. ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் இவை கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனித்த உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து ஆப்பிரிக்காவரை போகின்றன என்று 2009இல் எழுதினார்.

காரை நிறுத்தும் இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தட்டான் ஒன்று பளபளக்கும் கார் முகப்பில் வாலால் தொட்டுத் தொட்டு எழும்பும். அது முட்டையிடுகிறது. தட்டையான பளபளப்பிலிருந்து திரும்பும் ஒளி தண்ணீரிலிருந்து திரும்பும் ஒளியைப்போலவே இருப்பதால் ஏமாந்துபோகிறது. அந்த முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும். காருக்கு உறை போட்டால் ஒரு தலைமுறை பிழைக்கும்.

தட்டான் கூடிய இடத்தில் பஞ்சுருட்டான் வரும். வடக்கிலிருந்து வருவது நீலவால் பஞ்சுருட்டான்: பச்சை மேனி, கண்ணில் கறுப்புப் பட்டை, நீல வாலின் நடுவிலிருந்து நீளும் இரண்டு கம்பிகள். பார்ப்பதற்கு முன் காதில் விழும். உருண்டோடும் மணிக்குரல், கூட்டமாக மேலே போகும்போதே கேட்கும். தட்டானைப் பிடித்ததும் அதே கிளைக்குத் திரும்பும். தேனீயாக இருந்தால் கிளையில் அடித்து, வாலைத் தேய்த்து, கொடுக்கையும் நஞ்சையும் வெளியேற்றிவிட்டு விழுங்கும். ஒரு பறவை உட்கார்ந்து எழுந்த கிளையின் மீதே கருவியை வைத்துக் காத்திருங்கள். பறவையின் பின்னால் ஓடினால் அது போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு நல்ல இடம் பாலிக் பூலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயல்வெளி. பெயரே பறவை ஆறு என்றுதான் பொருள்படும். அறுவடை இயந்திரம் இறங்கும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். வெட்டுக்கிளி சிதறும் இடமெல்லாம் கொக்கும் தகைவிலானும் பின்னாலேயே வரும். வரப்பில் நடப்பதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலிக்கம்பத்தில் முதுகு பழுப்பாக, கண்ணில் கொள்ளைக்காரன் முகமூடிபோல் கறுப்புப் பட்டையோடு தனியாக ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பழுப்புக் கீச்சான். தனக்கென்று ஓர் இடம் பிடித்து மற்றக் கீச்சான்களை விரட்டும். ஆகவே செப்டம்பரில் பார்த்த வேலியிலேயே ஜனவரியிலும் பார்க்க வாய்ப்பு உண்டு.

வெயில் ஏறியபின் மலையைப் பாருங்கள்

விடியற்காலை எழுந்தால்தான் பறவை கிடைக்கும் என்பது வலசைப் பருந்துகளுக்குப் பொருந்தாது. கனத்த உடம்போடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இறக்கையடித்துப் போக அவற்றால் முடியாது. நிலம் சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்போது அதில் ஏறி வட்டமிட்டு உயர்ந்து, பிறகு இறக்கையை அசைக்காமல் சறுக்கி அடுத்த காற்றுத்தூணுக்குப் போகும். கடலின் மேல் இப்படிப்பட்ட தூண்கள் அரிது. அதனால்தான் நிலத்தைப் பிடித்துக்கொண்டே மலாயாத் தீபகற்பம் வழியாக இறங்குகின்றன. நேரம் காலை பத்திலிருந்து மதியம் ஒன்றுவரை. பிற்பகல் இடிமழை வந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

செப்டம்பர் கடைசி முதல் நவம்பர்வரை எதிர்பார்க்க வேண்டியது தேன்பருந்து. ஜப்பானில் கூடு வைக்கும் தேன்பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில், அவை சீனம் சென்று, இந்தோசீனம் வழியாக இந்தத் தீபகற்பத்தில் இறங்கி ஜாவாவரைக்கும் அதற்கு அப்பாலும் போவது தெரிந்தது. குளவி, தேனீக் கூடுகளைப் பிய்த்துப் புழுக்களைத் தின்பது இதன் தொழில். கொடுக்கு இறங்காதபடி முகத்தில் செதில்போல் நெருங்கிய சிற்றிறகுகள் உண்டு. நிறத்தை நம்பாதீர்கள், ஒன்று வெளுத்திருக்கும், அடுத்தது கறுத்திருக்கும். வடிவத்தைப் பாருங்கள்: புறாவினுடையதுபோல் சிறிய தலை, முன்னுக்கு நீண்ட கழுத்து, அகன்ற இறக்கை, நீண்ட வால்.

இங்கே தொடக்கக்காரர் எல்லாரும் செய்யும் பிழை, உள்ளூர்ப் பருந்தை வலசைப் பறவையாக எழுதிவிடுவது. முதலில் மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். செம்பருந்து: செம்பழுப்பு உடம்பு, வெள்ளைத் தலை, ஆனால் இளசு முழுக்கப் பழுப்பாக இருந்து குழப்பும். வெண்வயிற்றுக் கடற்கழுகு: இறக்கையை V வடிவில் தூக்கிப் பறக்கும், வால் குட்டை. குடுமிப் பாம்புக்கழுகு: இறக்கையின் பின்விளிம்பை ஒட்டி அகன்ற வெள்ளைப் பட்டை, உரத்த விசில். இவை மூன்றும் இல்லை, ஒரே திசையில் பத்தும் இருபதுமாக நகர்கின்றன என்றால் எழுதுங்கள். அக்டோபர் கடைசியில் கறுப்பு வெள்ளையாகக் கொண்டை வைத்த சிறு பருந்துகள் நெருக்கமான கூட்டமாக வந்தால் அவை கறுப்புப் பாஸா. பெரும் பூச்சிகளே அவற்றின் முக்கிய உணவு.

கொடிமலை உச்சி காலையில் மேகத்துக்குள் மறைந்திருக்கும் நாள் அதிகம். முதல் மலைரயிலில் ஏறி வெள்ளையாக எதையும் பார்க்காமல் நிற்பதைவிட, ஒன்பது மணிவாக்கில் கீழிருந்து உச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறலாம். வெறும் நீல வானத்தில் புள்ளிகள் கண்ணுக்குத் தட்டுப்படாது. வெண்மேகத்தின் விளிம்பைத் துழாவுங்கள். தண்ணீர்மலைக்குப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவின் புல்வெளியும் வசதிதான், ஆனால் அங்கே குரங்கு முன்னால் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டாம். அதே பூங்காவில் மழைக்கு மறுநாள் வெயில் அடித்தால் ஓடையோர ஈரமணலைப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையுமான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்கள், உப்புக்காக வருகின்றன. நிழல் மேலே விழாமல் குனிந்து நெருங்கினால் அரை மீட்டர்வரை போகலாம்.

பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரை தனிக் கட்டுரைக்கு உரியது. அங்கே வருபவை சேற்றுக்குள் புழுவும் நத்தையும் நண்டும் தேடும் உள்ளான்கள். ஒரு விதி மட்டும் இப்போதைக்கு: கடல் வற்றியிருக்கும்போது போகாதீர்கள், பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போய் நின்றால் தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறும். சேற்றில் இறங்கவே கூடாது, இடுப்புவரை புதையும்.

எழுதி வைப்பது

தேதி, நேரம், இடம், மழையா வெயிலா, எத்தனை, எந்தத் திசையில் போனது, என்ன தின்றது. இந்த ஏழும் இருந்தால் பெயர் தெரியாவிட்டாலும் பிறகு கண்டுபிடிக்கலாம். கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிக முக்கியம். பறவைக்கு இபேர்ட், பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய செயலிகளில் பதியலாம். குரலை வைத்துச் செயலி சொல்லும் பெயரை, பறவையைக் கண்ணால் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கவும் வேண்டாம். நெடுந்தூரம் பறந்து வந்த உயிருக்கு ஒவ்வொரு நிமிடமும் தின்பதற்கானது.

சிறு பறவைகள் பல இரவில்தான் வலசை போகின்றன. அக்டோபர், நவம்பரில் அடுக்குமாடி விளக்குகளால் திசை குழம்பி, கண்ணாடிச் சன்னலில் மோதி ஐந்தடியிலோ (கடைமுன் நடைபாதை) கார் நிறுத்துமிடத்திலோ விழுந்து கிடக்கும். தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று அழைக்கும் பறவையின் உறவான, நீலச் சிறகு மின்னும் பிட்டா அப்படி அடிக்கடி விழுவது. அதைக் கண்டால் மெல்லிய துணியால் மூடி எடுத்து, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறும் ரொட்டியும் வேண்டாம். திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். பகலாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து, மரங்கள் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். இரவாக இருந்தால் விடியும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். இறக்கை தொங்கினாலோ பறக்கவே முடியாமல் இருந்தாலோ வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள்.